துரை சொன்ன வடக்கு

காளியம்மனோடு கடல் தாண்டுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கப்பலின் மேல்தளத்தில் எத்தனை நெரிசல் இருந்தாலும் அவன் பக்கம் யாரும் கால் நீட்டிப் படுக்க மாட்டார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிய நாள் முதல் என் பெட்டியைச் சுற்றி நாலு பாய் விரிக்கிற இடம் காலியாகவே கிடந்தது. வாந்தி எடுக்கிறவர்கள்கூட எழுந்து தள்ளிப் போய் எடுத்தார்கள்.

மலாயாவின் ஜொகூரில் பாலோ என்ற சிற்றூருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் தாய்மாமன் முத்துக்கருப்பன் கங்காணியாக இருந்தார். காடு வெட்டிய காலத்தில் ஆட்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டே இருந்தபோது, எங்கள் ஊரில் இருப்பது போலவே வடக்குப் பார்த்த காளியை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர். காய்ச்சல் அடங்கிப் பல வருஷமாகியும் வேண்டுதல் அடங்கவில்லை. ஆச்சாரி சிலையை முடித்ததும், கொண்டுவர நம்பிக்கையான ஆள் வேண்டும், வேலை இல்லாத ஆளாக இருந்தால் உத்தமம் என்று சொல்லி அனுப்பினார். குடும்பத்தில் இரண்டுக்கும் பொருந்தியவன் நான் ஒருவன்தான்.

நான் சென்னையில் ஓர் அச்சுக்கூடத்தில் இங்கிலீஷ்–தமிழ் அகராதி ஒன்றுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எம்’ எழுத்து முடிந்த வாரம் முதலாளி காலமானார். அவர் பிள்ளை வந்து, மிச்ச எழுத்துகளுக்கு அவசரம் ஒன்றுமில்லை, பஞ்சாங்கம் போடலாம் என்றான். ஆகவே இங்கிலீஷில் ‘எம்’ வரைக்கும் எனக்கு நல்ல தேர்ச்சி. அதற்கு மேலே எல்லாரையும் போலத்தான்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு மலாய்ச் சிப்பாய் பெட்டியைத் தட்டி உள்ளே என்ன என்று கேட்டான். கப்பலில் பத்துப் பன்னிரண்டு மலாய்ச் சொற்களைக் கற்று வைத்திருந்தேன். கடவுள் என்பதற்குச் சொல் தெரியாததால் ‘பெரம்புவான்’ என்றேன். பெண்பிள்ளை என்று அர்த்தம். பெண்ணைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தவனைச் சிப்பாய்கள் விடுவார்களா? நிமிஷத்தில் கடப்பாரை வந்தது. பலகை பிளந்தது. வைக்கோலுக்குள்ளிருந்து நாக்கை நீட்டிக்கொண்டு எட்டுக் கைகளோடு பார்த்தவளைக் கண்டதும், திறந்ததைவிட வேகமாக மூடினார்கள். ஆணி அடிக்கிற வேலையையும் அவர்களே செய்து கொடுத்தார்கள்.

சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே கடலில் கல்லைக் கொட்டி அப்போதுதான் பாதை போட்டிருந்தார்கள். ரயில் அதன்மேல் போகும்போது வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்க ஜன்னலுக்கு ஓடி, பிறகு மறுபக்க ஜன்னலுக்கு ஓடினார்கள். ராமேஸ்வரம் ரயிலிலும் இதே ஓட்டம்தான். கடல் என்றால் மனிதர்களுக்கு எங்கேயும் ஒரே புத்தி.

அதற்கப்புறம் பால் மரம், பால் மரம், பால் மரம். காவேரிக்கரையில் தென்னை வளைந்து நெளிந்து தன் இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே மரங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் நின்றன. குளுவாங் நிலையத்தில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, ஒரு கைப்பிடி நெத்திலி, மேலே சிவப்பாக ஒரு சம்பல். சோறு தேவாமிர்தம். சம்பலில் ‘பிளாச்சான்’ என்று ஒன்றைப் போடுகிறார்கள். இறாலை அரைத்து, புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்த சாமான். முதல் கவளத்தில் நம் ஊர்க் கருவாட்டை இதுவரை குறை சொன்னதற்காக வருந்தினேன். மூன்றாவது கவளத்தில் இன்னொரு பொட்டலம் வாங்கினேன்.

பாலோவில் மாமா மாட்டு வண்டியோடு நின்றிருந்தார். பதினைந்து வருஷத்தில் மீசை மட்டும் நரைத்திருந்தது. பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் என்னைப் பார்த்தார். தோட்டத்துப் பாதை செம்மண் சேறு. பாதி வழியில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பெட்டி நழுவிச் சேற்றில் கவிழ்ந்தது. நானும் வண்டிக்காரனும் கத்தினோம். மாமா மட்டும் கத்தவில்லை. கவலையோடு ஒரு கேள்வி கேட்டார்.

“மாப்ள, ஆத்தா இப்ப எந்தப் பக்கம் பாக்குறா?”

மண்ணைப் பார்க்கிறாள் என்றேன். அவருக்கு நிம்மதி. வேறு எந்தத் திசையானாலும் தகராறாகிவிடும் என்றார். அந்தப் பேச்சின் பொருள், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தை அடைந்த பிறகுதான் விளங்கியது.

தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர். பல்வலிக்காகச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, காரின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தோட்டத்துக் கிராணியார் கனகசபை ஓடிப் போய், கோயில் பிரதிஷ்டை விஷயம் என்ன உத்தரவு என்று கேட்டிருக்கிறார். ஆபீஸ் கணக்கையும் கடிதத்தையும் கவனிக்கிற குமாஸ்தாவுக்கு அங்கே கிராணி என்று பெயர். மாமாவும் பக்கத்திலேயே நின்றார். கன்னம் வீங்கிய துரை கார் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்: “நார்தர்லி.”

வடக்கு என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வடக்கை என்ன செய்வது? வடக்கே பார்த்து வைக்கச் சொல்லிவிட்டார், தன் வேண்டுதல் வெள்ளைக்காரன் வாயாலேயே வந்துவிட்டது என்று மாமா கொண்டாடினார். கிராணியார் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷில் நார்தர்லி காற்று என்றால் வடக்கிலிருந்து தெற்கே வருகிற காற்று. ஆகவே அம்மன் வடக்கே முதுகு காட்டித் தெற்கே பார்க்கவேண்டும் என்றார்.

இரண்டு பேரும் பத்து வருஷமாக ஒரே வெற்றிலைப் பெட்டியில் கை விட்டவர்கள். ஆட்கள் கூடி நின்ற இடத்தில் மாமா, கிராணியாருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிட்டார். அதைவிட அவர் பெண்டாட்டியைத் திட்டியிருக்கலாம். கிராணி வேலைக்கு முதல் இங்கிலீஷ்தானே. துரையிடமே மறுபடி கேட்டு எழுதலாமே என்றால், சொன்னது புரியவில்லை என்று துரைக்கே எழுதிக் கொடுப்பதா என்று கிராணியார் மறுத்துவிட்டார். பேச்சுவார்த்தை நின்றது. லயமும் இரண்டாகப் பிரிந்தது.

இந்த நிலைமையில் மாமா என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். “நம்ம மாப்ள. இங்கிலீஷ் அகராதியே எழுதுனவரு.”

நான் எழுதவில்லை, புரூஃப் பார்த்தேன், அதுவும் ‘எம்’ வரைக்கும்தான், இந்தச் சொல் ‘என்’ எழுத்தில் வருகிறது என்று விளக்கினேன். எம்மானாலென்ன, என்னானாலென்ன என்று சொல்லிவிட்டார்கள். ஜனங்களுக்கு அகராதி என்றால் அகராதி.

லயத்துக்கும் கிராணியார் வீட்டுக்கும் நடுவே ஒரு மேடு. அதன்மேல் தகரக் கூரை போட்டு, சிமெண்டுப் பீடம் கட்டியிருந்தார்கள். அம்மனைத் தற்காலிகமாக அதில் நிறுத்தினோம். முதல் நாள் வடக்கே பார்த்து வைத்தார்கள். மறுநாள் விடிந்து பார்த்தபோது தெற்கே பார்த்தாள். மாமாவின் ஆட்கள் நாலு பேர் கூடித் திருப்பினார்கள். அடுத்த விடியலில் மறுபடி தெற்கு. இப்படியே போனால் ஆத்தாளுக்குத் தலை சுற்றும், சாமி வரும்போது யார் மேல் வரும் என்று எனக்கே தெரியாது என்று பூசாரி என்னிடம் முறையிட்டார்.

கிராணியார் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டில் குழல் பிட்டும் தேங்காய்ப் பால் சொதியும். ஜொகூர் மழையில் நனைந்து வந்தவனுக்கு அந்தச் சொதி ஒரு கம்பளி மாதிரி இருந்தது. அவர் மனைவி பரமேஸ்வரி கதவுக்குப் பின்னாலிருந்து பரிமாறி அனுப்பினார். ஆறு மாத கர்ப்பிணி என்று பிறகு தெரிந்தது. மழை விட்டு வெயில் அடித்தும் முன்பக்கத்து மூங்கில் தட்டியைச் சுருட்டாமல் இறக்கியே விட்டிருந்தார்கள். வீடு இருட்டாக இருந்தது.

“தம்பி, நான் கடற்கரையில பிறந்தவன்,” என்றார் கிராணியார். “எங்களுக்குத் திசை எண்டால் காத்துத்தான். வாடை, சோழகம், கொண்டல், கச்சான். வாடை எண்டால் வடக்கால வாறது. வடக்கே போறதை ஆரும் வாடை எண்டு சொல்லுவினமோ?”

சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் மாமா வடக்குவாசல், வடக்கு நோக்கி என்று சொல்வதும் தமிழ்தானே. நான் பிட்டை மென்றபடி இரண்டு பக்கமும் தலையாட்டினேன். கடைசியில், முழு அகராதி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். மாமாவும் ஒப்புக்கொண்டார். புத்தகம் தன் கட்சி என்று இரண்டு பேருக்கும் உறுதி.

முழு அகராதி ஜொகூர் பாருவில் பெரெய்ரா என்பவரிடம் இருப்பதாகப் பாலோ ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். மலாக்காவின் போர்த்துகீசிய வம்சத்துக்காரர், ஓய்வு பெற்ற சர்வேயர். மறுநாள் மறுபடி தெற்கே ரயில். வடக்கின் அர்த்தத்தைத் தேடித் தெற்கே போகிறோமே என்று நினைத்துச் சிரித்தேன். எதிரே இருந்த சீனக் கிழவர், பைத்தியம் என்று முடிவு செய்து, தன் கோழிக் கூடையை என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி வைத்தார்.

ஜொகூர் பாருவில் இறங்கி ரிக்‌ஷாக்காரனிடம் பெரெய்ரா வீடு என்றேன். அவன் காதில் எப்படி விழுந்ததோ, என்னைப் பெரிய ரொட்டிக் கடை ஒன்றில் இறக்கிவிட்டான். சரி என்று அங்கேயே கோப்பியும் ரொட்டியும் சாப்பிட்டேன். கோப்பியைப் பீரிஸ் என்கிற சின்னத் தட்டில் ஊற்றிக் குடிக்கிறார்கள். ரொட்டிமேல் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய பச்சை ஜாம். அந்த ரிக்‌ஷாக்காரனை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை.

பெரெய்ராவின் வீடு ஜலசந்தியைப் பார்த்து இருந்தது. அவருக்குக் காது சற்று மந்தம். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் காட்டுக்குள் வடக்குக் கோடு போட்டே வாழ்ந்தவர் அவர். வடக்கைப் பற்றிக் கேட்க ஒருவன் ரயிலேறி வந்தது அதுவே முதல் தடவையாம். அவர் மனைவி வினிகர் விட்ட காரமான கோழிக்கறி கொண்டுவந்து வைத்தார். அதைத் தின்ற பிறகு அரைமணி நேரம் எனக்கும் காது கேட்கவில்லை. ஆகவே இருவரும் சமமாகக் கத்திப் பேசினோம்.

அகராதியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ‘நார்தர்லி’யைக் கண்டுபிடித்து விரலை வைத்தார். முதல் அர்த்தம், வடக்கு நோக்கிய. இரண்டாவது அர்த்தம், காற்றைப் பற்றியானால், வடக்கிலிருந்து வருகிற. ஒரே சொல்லுக்குப் போவதும் வருவதும் அர்த்தம். நார்தர்லியாக நடக்கிறவன் முகத்தில் நார்தர்லி காற்று அடிக்கும். இரண்டும் மோதிக்கொள்ளும், பெயர் மட்டும் ஒன்று.

“இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் கப்பல் ஓட்டியிருக்கிறார்களே,” என்றேன். அவர்கள் ஓட்டியது காற்றைப் பார்த்து, அகராதியைப் பார்த்தல்ல என்றார் பெரெய்ரா.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ‘நார்த்’ என்ற சொல்லுக்கே ஆதியில் இடப்பக்கம் என்று பொருள் இருந்திருக்கலாம் என்று சில பண்டிதர்கள் ஊகிக்கிறார்களாம். உதிக்கிற சூரியனைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. நார்வே என்றால் வடக்கு வழி. நார்மன் என்றால் வடக்கத்தி ஆள். நாம் வடுகர் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. ‘ஆர்க்டிக்’ என்பது கிரேக்கக் கரடி. வட வானத்தில் கரடி வடிவில் நட்சத்திரங்கள் இருப்பதால் அந்தத் திசையே கரடிப் பக்கம் ஆகிவிட்டது. அதே நட்சத்திரங்களை லத்தீன்காரர்கள் உழவு மாடு ஏழு என்று எண்ணி, வடக்குக்கு ‘செப்டென்ட்ரியனல்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். நாமோ அந்த ஏழையும் ரிஷிகள் என்கிறோம். கரடி, மாடு, ரிஷி. மூன்று தேசத்தாரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள். ‘போரியல்’ என்பது வாடைக்காற்றுக்கு ஒரு தேவதை இருந்து, அதன் பெயரால் வந்தது. ‘ஆர்க்டிக்’கையும் ‘போரியலை’யும் நானே புரூஃப் பார்த்திருக்கிறேன். குளிர் சம்பந்தமானது என்று மட்டும்தான் எங்கள் அகராதியில் போட்டிருந்தோம்.

விடைபெறும்போது பெரெய்ரா வாசலுக்கு வந்து, வேலிக்கு மேலே வானத்தைக் காட்டினார். இந்த ஊரில் துருவ நட்சத்திரம் தரையோடு தரையாகக் கிடக்கும், மரமும் மூடுபனியும் மறைத்துவிடும், முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை என்றார். பார்க்காமலேயே ஜொகூர் முழுவதும் அளந்து முடித்துவிட்டார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை ஏற்பட்டது.

திரும்பும் ரயில் காட்டு நடுவே நின்றுவிட்டது. தண்டவாளத்தில் யானை. டிரைவர் ஊதினார். யானையும் ஊதியது. டிரைவர் மறுபடி ஊதினார். யானை இன்னும் நீளமாக ஊதியது. “அலமாக், ரெண்டும் பேச ஆரம்பிச்சுருச்சு லா,” என்றார் ஒரு பிரயாணி, தமிழும் மலாயும் கலந்து. கார்டு இறங்கி வந்து, எல்லாரும் ஜன்னலை மூடிக்கொண்டு மரியாதையாக இருக்கச் சொன்னார். மரியாதையாக இருந்தோம். வெகுநேரம் கழித்து யானை தானாகவே சலித்துப் போய்விட்டது.

தோட்டத்துக்கு வந்து பார்த்தால் காளி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் திருப்பியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தள்ளுமுள்ளில் பாதியில் விட்டிருக்கவேண்டும்.

அன்று சாயங்காலம் மேட்டில் எல்லாரும் கூடினார்கள். மாமா ஒரு பக்கம், கிராணியார் ஒரு பக்கம். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நல்ல சேதியைச் சொன்னேன். அகராதிப்படி இரண்டுமே சரி.

மாமாவின் முகம் சிவந்தது. கிராணியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தோற்றால்கூட மனிதன் ஒருநாள் ஆறிப்போவான். எதிராளியும் சரி என்பதை எப்படிப் பொறுப்பான்? இதைச் சொல்லவா ஜொகூர் பாரு போனீங்க என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். புத்தகத்தில் வேறு ஒன்றும் போடவில்லையா என்று கேட்டார் பூசாரி.

அங்கேதான் தவறு செய்தேன். போட்டிருக்கிறதே என்று எல்லாவற்றையும் சொன்னேன். கரடி என்றதும் சலசலப்பு எழுந்தது. தோட்டத்தின் வடக்கு எல்லையில் சென்ற மாதம் கரடி ஒன்று தேன்கூட்டைப் பிய்த்திருக்கிறது. வடக்கு கரடிக்கு உரியது என்று இங்கிலீஷ் புத்தகமே சொன்னால் நாளை முதல் அந்தப் பக்கத்து மரங்களைப் பாலுக்குச் சீவ மாட்டோம் என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். உழவு மாடு என்றதும் வண்டிக்காரன் மட்டும் பெருமையோடு சுற்றிப் பார்த்தான். இடப்பக்கம் என்றதும் மாமா துள்ளினார். சிவனுக்கு இடப்பக்கம் அம்பாள்தானே, ஆகவே வடக்கு அவளுடையதே என்றார். இடப்பக்கம் வடக்காக வேண்டுமானால் கிழக்கே பார்த்து நிற்கவேண்டும், அப்படியானால் அம்மன் கிழக்கே அல்லவா பார்க்கவேண்டும் என்று கிராணியார் எதிர்வாதம் போட்டார். அது நல்ல வாதம் என்று கிழக்குக் கட்சி ஒன்று அங்கேயே உண்டாயிற்று.

சத்தம் ஓங்கியபோது பரமேஸ்வரி மேட்டில் ஏறி வந்தார். மெதுவாக, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. கிராணியாரின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“நீர் ஏன் இஞ்ச வந்தனீர்? உள்ளுக்கை போம்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நான் பீடத்தைப் பார்த்தேன். பிறகு வடக்கே பார்த்தேன். மேட்டுக்கு நேர் கீழே அவர்கள் வீட்டு வாசல். இறக்கிவிட்ட மூங்கில் தட்டி. உக்கிர தெய்வம் வாசலுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குச் சொல்லவே வேண்டாம். படித்த மனிதர், அதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்? இங்கிலீஷ் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். மாமாவுக்கும் அதே கணத்தில் விளங்கியிருக்கவேண்டும். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, இது எனக்குத் தோணாமப் போச்சு. நீங்க சொல்லுங்க. ஆத்தாள எந்தப் பக்கம் வேணாலும் திருப்பிக்கிறேன். என் வேண்டுதல நான் அவகிட்டப் பேசிக்கிறேன்.”

பரமேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார்.

“கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒரு தெய்வமும் என்ர பக்கம் திரும்பிப் பார்க்கேல்லை. இப்ப ஒருத்தி கடல் கடந்து வந்து என்ர வாசலைப் பார்க்கிறாள். அவளை ஏன் போட்டுத் திருப்புறியள்?”

கிராணியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பீடத்தில் ஏறினார். ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் மாமா பிடித்தார். நாலு ஆள் தூக்குகிற கல்லை இரண்டு பேரே வடக்கே திருப்பினார்கள். மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுநாள் முழுவதும் கிராணியார் வீட்டு எண்ணெயைத்தான் அவருக்குத் தேய்த்தார்கள்.

பிரதிஷ்டை பிரம்ம முகூர்த்தத்தில் நடந்தது. பூசாரி பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த வேளை. மருந்து சாத்தி அம்மனைப் பீடத்தோடு இறுக்கினார்கள். உறுமி முழங்கியது. லயத்தில் ஒருவர் பாக்கியில்லை. பொழுது விடிந்து, பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்பு நேரமும் போய், பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தபோது துரையின் கார் வந்து நின்றது. கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது. முகம் வேறு விதத்தில் வீங்கியிருந்தது.

மேட்டில் ஏறி வந்தார். காளியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். பிறகு கிராணியார் பக்கம் திரும்பி இங்கிலீஷில் இரைந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“ஒரு மரம்கூடச் சீவவில்லை. வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறேன். நான்தான் சொல்லிவிட்டுப் போனேனே, நாட் எர்லி என்று.”

நாட் எர்லி. அதிகாலையில் வேண்டாம். விடியற்காலையில் சீவினால்தான் ரப்பர் மரம் பால் கொடுக்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். ஆகவே கோயில் காரியத்தை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் வீங்கிய கன்னத்துக்குள்ளிருந்து வந்த உத்தரவு. திசையைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. அவர் வேண்டாம் என்ற ஒரே காரியத்தை உறுமி மேளத்தோடு நடத்தி முடித்திருந்தோம்.

கிராணியாரின் உதடு வெளுத்தது. என்ன கேட்டது உனக்கு என்று துரை கேட்டார். கிராணியார் வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்து, தன் காதைப் பிடித்துக் காட்டி, தனக்குத் தெரிந்த பாதி மலாய், பாதி இங்கிலீஷில், கேட்டது நான்தான் துவான், கிராணி இல்லை என்றார். இல்லை ஸார், நான்தான் என்றார் கிராணியார். துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜொகூர் பாரு, பெரெய்ரா, கரடி, உழவு மாடு எல்லாவற்றையும் நான் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் பீடத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தபோது பிடுங்கிய பல்லின் இடம் வலித்திருக்கவேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அடுத்த ஓய்வு நாளில் எல்லாரும் மரம் சீவிவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதை மட்டும் மூன்று தடவை, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“அப்ப நம்ம ரெண்டு பேருமே தப்பா?” என்று மாமா கேட்டார்.

“ரெண்டு பேரும்தான் கங்காணி,” என்றார் கிராணியார். மாமா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

பத்து நாள் கழித்து நான் கிளம்பினேன். மாமாவுக்குப் பெரட்டு இருந்ததால் கிராணியார்தான் பாலோ நிலையம் வரைக்கும் வந்தார். ரயில் வழக்கம்போல் தாமதம். சீனக் கடையில் கோப்பி வாங்கிக் கொடுத்தார். வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தேன். முன்பக்கத்துத் தட்டியைக் கழற்றியே விட்டார்களாம். பரமேஸ்வரி இப்போதெல்லாம் காய் நறுக்குவது, அரிசி புடைப்பது எல்லாம் வாசலில் உட்கார்ந்துதான். மேட்டைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கிராணியார் கோப்பியைப் பீரிசில் ஊற்றி ஆற்றினார்.

“தெரியேல்லை தம்பி. நான் கிட்டப் போனால் ரெண்டு பேரும் கதையை நிப்பாட்டிப் போடுவினம்.”